இருபத்து மூன்றாம் அத்தியாயம்

என் மனைவி முத்துமீனா இறந்து பத்து மாதம் கழிந்தபின் அத்தை போன் செய்தார். அத்தை என்றால் மீனாவின் அம்மா, தங்கப்பொண்ணு. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை.

“மாப்ள, தெவசத்துக்கு இன்னும் நாப்பத்தெட்டு நாளுதேன் இருக்கு. அவளுக்குப் புடிச்சதெல்லாம் படையல்ல வைக்கணும். அந்தக் கதைப் பொஸ்தகம் ஒங்ககிட்டதான இருக்கு?”

“இருக்கு அத்தை.”

“அதையும் கொண்டாங்க. கொண்டாரதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிருங்க. படிக்காமத் தூக்கிட்டு வந்தீகன்னா அவ ஏசுவா.”

“சரி அத்தை.”

“எதுக்கெடுத்தாலும் சரிங்கிறீக. வாரேன்னு ஒரு வார்த்த இல்ல. சாப்புடுறீகளா?”

“சாப்பிடுறேன்.”

எங்கள் பேச்சு இவ்வளவுதான். முப்பதாம் நாள் காரியத்துக்குப் பிறகு நான் சோழவந்தான் போகவில்லை.

என் பெயர் அருள்பாண்டி. முப்பத்திரண்டு வயது. வேதியியல் படித்தேன். மதுரையில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதிக்கிறேன். போர்வெல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், எதுவானாலும் ஒரு லிட்டர் பாட்டிலில் வரும். உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மீனாவுக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் அவள் இல்லை. விடுப்பு முடிந்து வேலைக்குப் போன அன்று பத்தொன்பது பாட்டில் சோதித்தேன். ஒன்றிலும் தவறு இல்லை. நான் அழவில்லை என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மைதான்.

ஒரே ஒரு பயம் இருந்தது. அவள் குரல் எனக்கு மறந்துகொண்டிருந்தது. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. குரலுக்கு இருப்பது ஒன்பது வினாடி வாய்ஸ் மெசேஜ். ‘கேஸ் புக் பண்ணியா அருளு, இல்ல இன்னைக்கும் மறந்தாச்சா?’ அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் பிடிக்காது. எதுவானாலும் கூப்பிட்டுத்தான் பேசுவாள். அந்த ஒன்பது வினாடியை முதல் மூன்று மாதம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதற்குப் பிறகு அது அவளாக இல்லை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டது.

புத்தகத்தில் குரல் கிடைக்கும் என்று நினைத்தேன். அதைப் பற்றி அவள் ஓயாமல் பேசியிருக்கிறாள். அதில் ஓர் அத்தியாயத்தை நான் படித்ததே கிடையாது. அவள் சொல்லித்தான் கேட்டேன்.

‘ஏழு மதகு நாடு’ உண்மையில் புத்தகமே இல்லை. ஒரு வாரப் பத்திரிகையில் நாற்பத்தொரு வாரம் வந்த தொடர்கதை. கொடிக்கால்காரர் வீட்டு அம்மா படித்து முடித்த பத்திரிகை அடுத்த வாரம் அத்தை கைக்கு வரும். வெற்றிலை அடுக்கும் பெண்களுக்கு அத்தை அதை உரக்கப் படிப்பார். அந்தக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்புவரை போனவர் அவர் ஒருவர்தான். படித்தபின் கதைத் தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வார். கதை முடிந்ததும் தாள்களை அடுக்கி, கோணி ஊசியால் துளை போட்டு, வாழைநாரால் தைத்தார். மேலே ஒரு காலண்டர் அட்டை. எழுதியவர் பெயர் தையலுக்குள் போய்விட்டது. சில தாள்களின் பின்பக்கத்தில் பாதி ஜோக்கும் பாதி சமையல் குறிப்பும் இருக்கும்.

கதை இது. ஒரு பெரிய கண்மாய். அதற்கு அடியில் ஒரு நாடு. ஏழு மதகுகள் வழியாகத்தான் உள்ளே இறங்க முடியும். அந்த நாட்டு அரசன் தூக்கிக்கொண்டு போன தன் தங்கை செவ்வந்தியை மீட்க வேம்பன் இறங்குகிறான். ஒவ்வொரு மதகிலும் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். முதல் மதகில் நிழல். இரண்டாவதில் பசி. மூன்றாவதில் கனவு. நான்காவதில் மறதி மடு. அதில் இறங்கி ஏறினால், தனக்கு யார்மீது பிரியம் அதிகமோ அவரை அடியோடு மறந்துவிடுவான்.

இருபத்திரண்டாம் அத்தியாயம் மடுவின் கரையில் முடிகிறது. ‘இறங்கினால் தங்கையை மறப்பேன். மறந்தபின் யாருக்காகப் போவேன்?’ என்று வேம்பன் உட்கார்ந்து அழுகிறான். அடுத்து இருக்கும் தாள் இருபத்து நான்கு. அதில் வேம்பன் அக்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறான், செவ்வந்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டே.

எப்படிக் கடந்தான்? இருபத்து மூன்று இல்லை. அந்த வாரம் கொடிக்கால்காரர் மகள் பத்திரிகையைத் தன்னோடு ஊருக்கு எடுத்துப் போய்விட்டாள். என்றைக்காவது கிடைத்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று அத்தை அந்த இடத்தில் மீனாவின் பள்ளி நோட்டிலிருந்து கோடு போட்ட இரண்டு தாள்களை வைத்துத் தைத்தார். இருபத்து நான்கு வருடமாக அவை காலியாகவே இருக்கின்றன.

கல்லூரியில் மீனா எனக்கு இதை இரவல் கொடுத்தாள். மூன்று நாளில் இருபத்திரண்டை முடித்துவிட்டு லேபில் அவளிடம் சண்டைக்குப் போனேன்.

“என்ன இது, நடுவுல ஓட்டை?”

“ஓட்டையெல்லாம் இல்ல. அது எனக்குத் தெரியும். வேணும்னா எங்க ஊர் பஸ்ல வா, சொல்றேன்.”

ஆரப்பாளையத்தில் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள். சோழவந்தான் வரும்வரை சொன்னாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். லைப்ரரியில் என்றாள். அவள் இறங்கிப் போனபின் அதே பஸ்ஸில் விடுதிக்குத் திரும்பினேன். கல்யாணம் செய்தால் இவளைத்தான் என்று வைகைப் பாலத்தில் முடிவு செய்தேன்.

இப்போது நாற்பத்தொரு அத்தியாயம், நாற்பத்தெட்டு நாள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒன்று. டீ போட்டுக்கொண்டு சமையலறை மேடை அருகே ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன்.

பத்தொன்பது வயதில் மதகுக் காவலர்களோடு நடக்கும் சண்டைகளுக்காகப் படித்தேன். இப்போது சண்டைகள் சட்டென்று முடிந்துவிட்டன. அன்று தாண்டிப் போன இடங்கள் போகவிடவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் வேம்பனின் அம்மா அவனுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறாள். இரண்டு பொட்டலம். திரும்பி வரும்போது செவ்வந்தி பசியோடு இருப்பாளாம். அந்த வரியை நான் முன்பு பார்த்ததாகவே நினைவில்லை. புளிச்சோறானாலும் மூன்றாம் நாள் ஊசிப்போகும் என்று எனக்குத் தெரியும். அன்று சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். மதியம்வரை யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் மதகில் பசியைக் கொடுத்துவிட்ட பிறகு வேம்பன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். இலையில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரிவதில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். எழுதியவருக்கு இது எப்படித் தெரிந்தது?

ஓரங்களில் மீனாவின் பென்சில் எழுத்து இருந்தது. பத்து வயதுக் கையெழுத்து. அரசனின் தளபதி வரும் இடத்திலெல்லாம் ‘போடா லூசு’. வேம்பனின் குதிரை சாகும் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ‘அழுதேன்’ என்று எழுதி, பக்கத்தில் கோடு கோடாகப் போட்டிருந்தாள், படித்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. ஏழு இருந்தன. நான் எனக்காக ஒரு கோடு போட முடியுமா என்று காத்திருந்தேன். முடியவில்லை. டீயைக் குடித்தேன்.

இருபத்திரண்டாம் நாள் மடுவின் கரைக்கு வந்து சேர்ந்தேன். அடுத்து கோடு போட்ட தாள்.

பஸ்ஸில் அவள் சொன்னதை நினைவுக்குக் கொண்டுவந்தேன். வேம்பன் மடுவில் இறங்குமுன் கரையில் இருந்த ஐந்து பேரிடம் போகிறான். தங்கையைப் பற்றி ஒருவரிடம் ஒன்று என்று ஐந்து விஷயங்களைச் சொல்லி வைக்கிறான். அவன் மறந்துபோய் அக்கரையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஐந்து பேரும் இக்கரையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்துகிறார்கள். நான்கு பேர் கத்தியது ஞாபகம் வந்தது. ஐந்தாவது ஆள் என்ன கத்தினான் என்பது வரவில்லை. அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அந்த ஐந்தாவதைக் கேட்டதும்தான் வேம்பன் எழுந்து ஓடுகிறான்.

ஒன்றைத் தொலைத்துவிட்டேன். மற்ற நான்கும் போவதற்கு எத்தனை நாள் ஆகும்?

அச்சில் இருந்தால் போகாது. எங்கேயாவது ஒரு பிரதி இருக்கும். கண்டுபிடிப்பது, படிப்பது, திவசத்துக்குள் அந்த இடத்தில் வைத்துத் தைப்பது. இருபத்து மூன்று இல்லாமல் இருபத்து நான்கைப் படிப்பதில்லை.

லைப்ரரிகளில் பழைய வாரப் பத்திரிகைகளை என்றோ கழித்துவிட்டார்கள். டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய புத்தகக் கடைகளில் கேட்டேன். இல்லை. ஆரப்பாளையத்தில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பேயாண்டி தராசின் மேலேயே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

“ரெண்டாயிரத்து ஒண்ணாம் வருசத்துப் பத்திரிகையா? அண்ணே, போன வாரத்துப் பேப்பரவே லோடு ஏத்தி விட்டாச்சு. அதுல என்ன, சொத்துப் பத்திரமா மாட்டியிருக்கு?”

“ஒரு அத்தியாயம்.”

“ஒண்ணே ஒண்ணா? முழுக் கதை வேணாமா?”

“மிச்சம் இருக்கு.”

அவர் வடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அந்தா, மூலையில நாலு கட்டு அடியில கெடக்கு. தேடிக்கங்க. தேளு கெடக்கும், கையப் பாத்து விடுங்க.”

மூன்று நாள் மதிய இடைவேளையில் தேடினேன். நாலு கட்டிலும் நகைக்கடை கேட்லாக்குகளும் பத்தாம் வகுப்பு நோட்ஸும் இருந்தன. தேளும் இருந்தது.

பழைய பத்திரிகை சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் எழுதிப் போட்டேன். ஆறாம் நாள் பதில் வந்தது. ‘உள்ளது. நேரில் வரவும். இரவல் கிடையாது. சீதாராமன், தல்லாகுளம்.’

அவர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடி வீடு. கூடத்தில் மூன்று பீரோ, எல்லாம் பைண்டு செய்த தொடர்கதைகள். என்னைப் பார்த்ததும் முதலில் கை கழுவச் சொன்னார்.

“சோப்பு போட்டேளா?”

“போட்டேன் சார்.”

“தொண்ணூத்தி நாலுல ஒருத்தன் ரெண்டு வால்யூம் எடுத்துண்டு போனான். இன்னும் வரலை. அதுலேர்ந்து இரவலே கிடையாது.”

அவர் மனைவி பாகீரதி காபி கொண்டுவந்தார். “அந்த மனுஷன் காலமாகி ஒன்பது வருஷம் ஆறது. இவர் அவன் பேரை இன்னும் லிஸ்ட்ல வெச்சிண்டிருக்கார். மேல போய் வசூல் பண்ணப் போறார்.”

“புஸ்தகம் திரும்பி வந்தா எடுத்துடறேன்.”

“காபியைத் தள்ளி வெச்சுக் குடிங்கோ. அது மேல சிந்தினா உங்க பேரும் ஏறிடும்.”

கெட்டி அட்டை. தங்க எழுத்தில் ‘ஏழு மதகு நாடு’. அத்தை தைத்த கதைக்கு இவ்வளவு வசதியான உறவுக்காரர் இருப்பார் என்று நான் நினைத்ததில்லை. இருபத்து மூன்றைத் திருப்பினேன்.

நான்கு பக்கம். மடுவின் கரையில் ஒரு முனிவர் வருகிறார். வேம்பனின் கண்ணீரைக் கண்டு மனமிரங்கி ஒரு பச்சிலையைக் கொடுக்கிறார். அதை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு இறங்கினால் மறதி அண்டாது. வேம்பன் வைத்துக்கொள்கிறான். இறங்குகிறான். ஏறுகிறான். நடுவில் ஒரு முதலை.

மூன்று முறை படித்தேன். கரையில் வேறு யாரும் இல்லை. யாரும் கத்தவில்லை.

“இதுக்கு வேற பதிப்பு ஏதாவது உண்டா சார்? புத்தகமா வந்தப்ப மாத்தி எழுதியிருப்பாரா?”

“புஸ்தகமாவே வரலை. இது ஒண்ணுதான். ஏன், நன்னால்லையா? எனக்கும் பிடிக்கலை. நாப்பத்தோரு வாரமும் ஒரு மனுஷனால ஒழுங்கா எழுத முடியுமா? அந்த வாரம் கோட்டை விட்டுட்டார்.”

“என் மனைவி வேற மாதிரி சொன்னா.”

“எப்படி?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பாகீரதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், கதை கேட்க.

என்னால் சொல்ல முடியவில்லை. நான்குதான் மிச்சம். வெளியே எடுத்தால் குறைந்துவிடும் என்று தோன்றியது. நேரமாகிவிட்டது என்றேன். நான்கு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வண்டியை உடனே எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருந்தது. பதினொரு மாதத்தில் வந்த முதல் கோபம். லைப்ரரியில் படித்தேன் என்று சொன்னாளே. பன்னிரண்டு வருடம். அதில் ஆறு வருடம் ஒரே வீட்டில். எத்தனை முறை அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். சண்டை போட ஆள் இல்லை.

அது யாருடைய அத்தியாயம்? அத்தைக்குத் தெரிந்திருக்கும். படித்துக் காட்டியவர் அவர். இல்லாத வாரத்துக்கு அவரே எதையாவது சொல்லியிருக்க வேண்டும். மீனா அதை நிஜம் என்று நம்பியிருக்க வேண்டும். அப்படியானால் ஐந்தாவது வரி அத்தையிடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். திவசத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் ஏறியவர், “தம்பி, யாருக்கும் எடம் போட்டிருக்கியா?” என்று கேட்டார். இல்லை என்று நகர்ந்தேன்.

கொடிக்கால் ஓரத்துக் கீற்றுக் கொட்டகையில் ஆறு பெண்கள் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டுவது. அத்தையின் பக்கத்தில் அன்னக்கொடி, அவர் வயதுதான், எதிர்வீடு. அவர்தான் முதலில் பார்த்தார்.

“யாரு, மீனா வீட்டுக்காரரா? எங்க ஊருக்கு வழி ஞாபகம் இருந்துச்சா மாப்ள?”

“பஸ்ஸுக்கு ஞாபகம் இருந்துச்சு.”

“வாய் மட்டும் வத்தல.”

“சும்மா இரு அன்னக்கொடி,” என்றார் அத்தை. “வாங்க மாப்ள. இம்புட்டு எளச்சுப் போயிட்டீக. சாப்புடுறேன்னு போன்ல பொய்யா சொல்றீக?”

நான் சாக்கின் மேல் உட்கார்ந்தேன். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்தேன். போனைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி அவரிடம் கொடுத்தேன். “இருபத்து மூணு, அத்தை. கெடச்சிருச்சு.”

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். பெண்கள் காத்திருந்தார்கள். முதலை வந்ததும் அவர் நிமிர்ந்தார்.

“பச்சிலையா?”

“ஆமா.”

“இந்தப் பச்சிலைக்கா நான் இருவத்திநாலு வருசம் தாளு வச்சுத் தச்சிருக்கேன்? நான் சொன்னதே தேவலையே மாப்ள.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாலம் இருந்துச்சுன்னேன்.”

“பாலமா?”

“வேற என்ன செய்ய? பொஸ்தகம் வரல. இவளுக கைய மடக்கிட்டு உக்காந்துட்டாளுக, கத சொன்னாத்தேன் வெத்தலயத் தொடுவோம்னு. பாலம் இருந்துச்சு, நடந்து போயிட்டான்னேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாளுக. இவ தூங்கியே போயிட்டா.”

“யாரு தூங்குனா? கண்ண மூடிக் கேட்டேன்,” என்றார் அன்னக்கொடி.

“மீனாதேன் ஒத்துக்கிறல. ஏழு வயசு. பள்ளிக்கூடம் லீவு, இந்தா இந்த எடத்துலதேன் உக்காந்திருந்தா. பாலம் இருந்தா போன வாரம் எதுக்கும்மா அவன் அம்புட்டு அழுகை அழுதான்னு கேட்டா. போடி அங்கிட்டுன்னு வெரட்டி விட்டேன். நாலு நாளு எங்கூடப் பேசல.”

அப்படியானால் அத்தையுடையது இல்லை. ஐந்தாவது வரி யாரிடமும் இல்லை.

“எங்கிட்ட அவ வேற சொன்னா, அத்தை.”

“வேறயா? என்ன சொன்னா?”

தல்லாகுளத்தில் நிகழ்ந்ததுதான் மறுபடியும். ஆறு பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஆனால் இங்கே எழுந்து போக முடியாது. கேட்பவர் அவளைப் பெற்றவர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

வேம்பன் அழுது முடித்துவிட்டு எழுந்தான், கரையோரமாக நடந்தான் என்று சொன்னேன். ஒரு மீன்காரன், ஒரு பானைக்காரி, துணி வெளுக்கும் ஒருவர், ஆடு மேய்க்கும் ஒருத்தி, ஒரு காவல்காரன். ஒவ்வொருவரிடமும் தங்கையைப் பற்றி ஒரு விஷயம் சொன்னான். நான் அக்கரை ஏறியதும் இதை ஓங்கிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான். மடுவில் இறங்கினான். அக்கரை ஏறினான். வேட்டியைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்தான். எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை. துக்கமும் இல்லை. வெயில் நன்றாக இருக்கிறது என்று நினைத்தான்.

“ஐயோ பாவி,” என்றார் ஒரு பெண்.

“அப்ப மீன்காரன் கத்துறான். ‘எரும வாலப் புடிச்சுக்கிட்டு வாய்க்காலத் தாண்டுனவ ஒருத்தி இருக்கா!’”

அத்தையின் கை வெற்றிலையின் மேல் நின்றது. ஏனென்று நான் யோசிக்கவில்லை, தொடர்ந்தேன்.

“வேம்பன் திரும்பிப் பாக்குறான். யாரையோ சொல்றாய்ங்கன்னு இருக்கான். பானைக்காரி கத்துறா. ‘வாழநாருல கொலுசு முடைஞ்சு போட்டுக்கிட்டு, அது சத்தம் போடலன்னு அழுதவ ஒருத்தி இருக்கா!’ அப்புறம் வெளுக்கிறவரு. ‘வெத்தலக் கூடைக்குள்ள ஒளிஞ்சு வெளையாண்டு, உள்ளயே தூங்கிப் போனவ ஒருத்தி...’”

“ஆத்தாடி!” அன்னக்கொடி குதித்தார். “வண்டியில ஏத்தி விட்டாய்ங்கள்ல! சந்த வரைக்கும் போயிட்டாள்ல! நாந்தான பின்னாடியே...”

“குறுக்க பேசாத, கதை ஓடிப் போயிரும்,” என்றேன்.

அன்னக்கொடியின் வயதுக்கு நான் அப்படிப் பேசக்கூடாது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். யாரும் கோபமாக இல்லை. அன்னக்கொடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அவளேதேன்,” என்றார் அத்தை. “அந்த இழுப்புகூட.”

எனக்கும் கேட்டிருந்தது. அந்த வார்த்தை, அந்த ‘ஓடிப் போயிரும்’. பஸ்ஸில் நான் கேள்வி கேட்டபோதெல்லாம் சொன்னாள். தோசைக்கரண்டியை நீட்டிக்கொண்டும் சொல்லியிருக்கிறாள். பதினொரு மாதமாக நான் அதைத் தேடவே இல்லை. அப்படி ஒன்று இருந்ததே எனக்கு நினைவில்லை.

“சொல்லுங்க மாப்ள. நிறுத்தாதீக. நாலாவது?”

“ஆடு மேய்க்கிறவ. ‘விழுந்த பல்லக் கூரையில எறியாம முழுங்கிட்டவ ஒருத்தி இருக்கா!’”

அத்தை முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டே பேசினார். “அது எனக்கு மட்டும்தேன் தெரியும். வயித்துக்குள்ள பல்லு மொளைக்குமான்னு ராத்திரியெல்லாம் கேட்டா. யாருட்டயும் சொல்லிறாதம்மான்னு சத்தியம் வாங்குனா. எரும வாலும் அவதேன். இந்தா இந்த வாய்க்காலு. அஞ்சு வயசு.”

நான் கொட்டகைக்கு வெளியே பார்த்தேன். வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன். மாயக் கதையில் வரும் எருமை என்றுதான் பன்னிரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்குத் தன்னைச் சொல்லியிருக்கிறாள், அதுவும் முதல் நாளே, டிக்கெட் வாங்கிக் கொடுத்த ஒருவனிடம்.

“அஞ்சாவது?” என்றார் அத்தை.

“மறந்துட்டேன் அத்தை. எவ்வளவோ பாத்துட்டேன். வரல.”

அன்னக்கொடிதான் ஆரம்பித்தார். “எங்க வீட்டுச் சேவலப் பாத்து எல்லாரும் ஓடுவாய்ங்க, இவளப் பாத்துச் சேவல் ஓடும். அதப் போடுங்க.” இன்னொருத்தி, “நாலாப்புல வாத்தியாருக்கே கணக்கு தப்புன்னவ.” ஒருவர் மாற்றி ஒருவர். எனக்குத் தெரியாதவை ஏழெட்டு வந்தன. அத்தை அழுதுகொண்டே ஒன்றிரண்டைத் திருத்தினார். அது நாலாப்பு இல்லை, மூணாப்பு.

“அத்தை, பேனா இருக்கா?”

கொடிக்கால்காரர் பில் போடும் நீலப் பேனா கிடைத்தது. புத்தகத்தை விரித்தேன். வாழைநார்த் தையல் இறுக்கம், தாள் படியவில்லை. அத்தை இருபுறமும் ஒரு கவுளி வெற்றிலையை வைத்து அழுத்தினார். பழுப்பேறிய கோட்டுத் தாளின் மேலே ‘இருபத்து மூன்றாம் அத்தியாயம்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே ‘சொன்னவர்: த. முத்துமீனா’.

ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுதினேன். அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். நடுவில் கண்ணாடி இரண்டு முறை மங்கியது. துடைத்துக்கொண்டு எழுதினேன். பக்கம் நனைந்துவிடும் என்று அத்தை என் முகத்துக்கு ஒரு துண்டைக் கொடுத்தார். பெண்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

நான்காவது பக்கத்தின் கடைசியில் காவல்காரன் வந்தான். சேவலைப் போடலாம். வாத்தியாரைப் போடலாம். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவை மற்றவர்களிடம் இருந்தவை. கரையில் நானும் ஒருவன். என்னிடமும் ஒன்று இருக்க வேண்டும்.

எழுதினேன். அத்தை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

“‘பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் ஒருத்தி இருக்கிறாள்!’” அவர் துண்டை வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஏன் மாப்ள, கண்மாய்க்கு அடியில ஏது பஸ்ஸு?”

“இனிமே உண்டு, அத்தை.”

மை காயட்டும் என்று கொஞ்சம் பொறுத்தேன். பதினொரு நாளில் பதினெட்டு அத்தியாயம். ஒரு நாளைக்கு இரண்டு வைத்தால் சரியாக வரும். இருபத்து நான்கைத் திருப்பி, எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தேன். வேம்பன் ஓடிக்கொண்டிருந்தான்.